தைக்குட்டியும் ஆனிக்குட்டியும்

மலை உச்சியில் ஒரு வரையாட்டுக் கூட்டம் இருந்தது. சடையன் என்ற கிடாதான் அதற்குத் தலைவன். ஐப்பசி மாதம் ஒருநாள், கீழ்ப்பாறையில் படுத்திருந்த ஒரு குட்டியைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஆடுகளுக்கெல்லாம் ஈரக்குலை நடுங்கியது.

“மேல்பாறைக்குச் சிறுத்தை வராது. ஆனா இடம் கம்மி!” என்றது சடையன். “தையிலிருந்து பிறந்த இந்த வருஷக் குட்டிங்க எல்லாம் ரெண்டு பாறைக்கும் நடுவுல இருக்கிற இந்தப் பிளவைத் தாண்டணும். தாண்டினவங்க மேலே வந்து படுக்கலாம். நம்ம குளம்பு மட்டும் நிக்கிற சுத்துப் பாதையில எந்தக் குட்டியும் ஏறி வரக்கூடாது. தாண்டாத சோப்ளாங்கிங்க கீழேயே கிடக்கட்டும்!”

சடையனின் மகன் முறுக்கன் ஒரே பாய்ச்சலில் தாண்டியது. சடையனுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து வந்தது வெள்ளச்சி என்ற தாயாட்டின் குட்டி, பொடியன். ஓடி வந்தது, விளிம்பில் வழுக்கியது. வெள்ளச்சி காதைக் கவ்வி இழுத்திராவிட்டால் அன்றைக்கே போயிருக்கும்!

“இவன் கீழ்ப்பாறை!” என்றது சடையன்.

“ஐயோ தலைவரே! உங்க பையன் தையில பிறந்தான். என் பிள்ளை ஆனியில பிறந்தவன். இப்பத்தான் புல்லு கடிக்கவே பழகியிருக்கான்!”

“சாக்குச் சொல்லாதே! ரெண்டும் ஒரே வருஷத்துக் குட்டிங்கதானே?”

கேட்டீர்களா நியாயத்தை! முறுக்கனின் வயதில் பாதிகூட ஆகவில்லை பொடியனுக்கு.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மூடுபனி ஏறி வந்தது. அழுதால் வேலைக்காகாது என்று வெள்ளச்சிக்குத் தெரியும்.

“சரி தலைவரே! முன்னே பின்னே பிறந்ததைப் பார்க்க வேண்டாம்னா, போன வருஷக் குட்டிங்க தாண்டுற பெரிய பிளவை முறுக்கனும் தாண்டட்டும்!”

“ஏன் தாண்ட மாட்டான்? போடா ராஜா!” என்றது சடையன்.

முறுக்கன் பெரிய பிளவின் விளிம்பில் போய் நின்றது. கீழே பனிக்குள் இரண்டு மஞ்சள் கண்கள் தெரிந்தன. உர்ர்ர்!

“அப்பா! கீழே அது நிக்குது! என்னால முடியாதுப்பா!”

“டேய், வேண்டாம்! திரும்பி வா!” என்று சடையன் அலறியது. “அதைத் தாண்டுறவங்க எல்லாம் உன்னைவிட மூத்தவங்கடா! நீ சின்னப் பிள்ளை!”

“என் பிள்ளையும் சின்னப் பிள்ளைதான் தலைவரே!” என்றது வெள்ளச்சி.

முறுக்கன் ஓடி வந்து அப்பனோடு ஒட்டிக்கொண்டது. சடையன் அவசர அவசரமாகக் கத்தியது: “சுத்துப் பாதையில எல்லாக் குட்டிகளையும் மேலே ஏத்துங்க! நடுவுல படுக்க வையுங்க! பெரியவங்க ஓரத்துல நின்னுக்கலாம்!”

கடைசிக் குட்டி மேலே ஏறிய கொஞ்ச நேரத்தில் சிறுத்தை கீழ்ப்பாறைக்கு வந்தது. பொடியன் படுத்திருக்க வேண்டிய இடத்தை முகர்ந்து முகர்ந்து பார்த்தது. ஓரத்தில் நின்ற சடையன் கொம்பைத் தாழ்த்திக்கொண்டது. வெள்ளச்சி மூச்சு விடாமல் பொடியன் மேல் கவிந்துகொண்டது. வெகுநேரம் கழித்துச் சிறுத்தை வெறும் வாயோடு இறங்கிப் போனது.

பிந்திப் பிறந்த பிள்ளையை முந்திப் பிறந்த பிள்ளையோடு நிறுத்திச் சோதித்துவிட்டு, அவனுக்குத் தெம்பில்லை என்று ஒதுக்குவது பெரிய அநியாயம்.