சோப்பில் ஒரு நரி

“இந்த விரலுக இனி எனக்கு எதுக்குங்க, அம்மிணி?”

சென்னியப்பன் வந்ததும் கேட்டது அதைத்தான். வணக்கம்கூடச் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

உமையாள் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தன் கைகளை எடுத்து அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவை இன்னும் மோசமாகக் கோணியிருந்தன.

சென்னியப்பன் கைகளை மெல்ல இறக்கிக்கொண்டார்.

*

கோயம்புத்தூரில் ஒரு லேத்துப் பட்டறையில் முப்பத்தோரு வருடம் நின்றவர் சென்னியப்பன். பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைவார். மயிரிழை பிசகாது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் மைக்ரோமீட்டர் வைத்து அளந்துவிட்டு, அவர் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஐம்பத்து மூன்று வயதில் முடக்குவாதம் வந்தது. முதலில் காலையில் மட்டும் விரல் மடங்கவில்லை. பிறகு மத்தியானம் வரைக்கும் மடங்கவில்லை. மாத்திரை வலியைக் குறைக்கும், நோய் கூடவேதான் இருக்கும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் கடைந்துகொண்டிருந்த ஷாஃப்ட் வீணானது. மறுநாளும் ஒன்று வீணானது. மூன்றாம் நாள் அவர் பட்டறைக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு நாலு வருடம் வீட்டில்தான். சட்டைப் பொத்தானை மனைவி ருக்குமணி போட்டுவிடுவார். அந்த நேரத்தில் சென்னியப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்ததால் கடையில் டீ குடிப்பதை விட்டார். யாராவது வந்து உடம்பு எப்படி என்று கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

ருக்குமணிதான் எங்கேயோ கேள்விப்பட்டு வந்து சொன்னார். பழனிக்கு இந்தப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு மடம் இருக்கிறதாம். வருகிறவர்களுக்கு இடம் ஒதுக்குவதும் கடிதங்களுக்குப் பதில் போடுவதும் அங்கே உமையாள் என்பவரின் வேலையாம். பத்தொன்பது வயதில் அவருக்கு இதே நோய் வந்ததாம். இப்போது முப்பத்தொன்பது. காவி கட்டவில்லை, யாருக்கும் உபதேசமும் செய்வதில்லை. இருந்தாலும் போகிறவர்கள் அவரிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் திரும்புகிறார்களாம். எப்போது பார்த்தாலும் சிரித்த முகமாம்.

வயதில் தன்னைவிடப் பதினெட்டு வருடம் சின்னவர். நோயில் பதினாறு வருடம் பெரியவர்.

சென்னியப்பன் அதை ஒருமுறை யோசித்துப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினார்.

*

அவர் எதிர்பார்த்தது ஒரு மந்திரம். இல்லாவிட்டால் ஒரு தைலம்.

உமையாள் உள்ளே போய், துணி துவைக்கிற நீலச் சோப்பில் பாதிக் கட்டியும் ஒரு பழைய ஸ்பூனும் கொண்டுவந்தார். ஸ்பூன் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கியிருந்தது. மடங்காத விரலாலும் அதைப் பிடிக்க முடியும்.

“வாத்து செய்யுங்க,” என்றார்.

“வாத்துங்களா?”

“நாய் செஞ்சாலும் சரிதான். ஆனா நாய்க்கு நாலு காலு.”

இரும்பைக் கடைந்தவனிடம் சோப்பைக் கொடுக்கிறாளே என்று சென்னியப்பனுக்கு முகம் சுண்டிப்போனது. உடனே கிளம்பியிருப்பார். மறுநாள் காலையில்தான் பஸ்.

சும்மா இருக்க முடியாமல் சோப்பைச் சுரண்டினார்.

காலையில் பஸ் வந்தது, போனது. அவர் ஏறவில்லை. வாத்துக்குக் கழுத்து இன்னும் வரவில்லை.

*

முதல் வாத்துக்கு நாலு நாள் ஆயிற்று. பார்ப்பதற்குக் கத்திரிக்காய் மாதிரி இருந்தது.

அளவு பார்க்காமல் செய்ததுதான் தப்பு என்று சென்னியப்பன் முடிவு கட்டினார். மடத்து அலுவலகத்தில் ஒரு ஸ்கேல் வாங்கி வந்தார். உமையாள் அதைக் கேட்டு வாங்கி, கை எட்டாத இடத்தில் முதுகு சொறிந்துகொண்டார். திருப்பித் தரவில்லை.

வாத்தை ஜன்னலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார் சென்னியப்பன். வந்து பார்த்தபோது அதைக் காணோம். சமையல் செய்கிற பேச்சியம்மாள் கிணற்றடியில் கரித்துணி துவைத்துக்கொண்டிருந்தார். வாத்து அவர் கையில் இருந்தது. தலை ஏற்கனவே கரைந்துவிட்டது.

எடுத்துக் கொடுத்தது உமையாள்தான் என்று பேச்சியம்மாள் சொன்னார்.

சென்னியப்பன் நேராக உமையாளிடம் போனார்.

“நாலு நாளுங்க, அம்மிணி,” என்றார்.

“எப்படி இருந்துச்சு?”

“வாத்துங்களா?”

“அந்த நாலு நாளு.”

சென்னியப்பன் அவரை நின்று பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து இன்னொரு பாதிக் கட்டி சோப்பை எடுத்துக்கொண்டு போனார்.

*

ஒரு வாரம் இருக்க வந்தவர் இரண்டு மாதம் இருந்தார்.

காலையில் வெந்நீரில் கையை ஊறவைப்பார். பத்து மணிக்கு மேல் விரல் கொஞ்சம் இளகும். அப்போது உட்காருவார். ஆமை செய்தார், முயல் செய்தார். தொப்பையும் கண்ணாடியுமாகப் பழைய பட்டறை முதலாளியைச் செய்தார். அதைப் பார்த்துப் பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. யாரென்றே தெரியாத ஆளைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்கே புரியவில்லை.

அவர் செய்தது, இருபது வருடமாகச் சோப்பு செதுக்கிவரும் உமையாள் செய்தது, எல்லாம் கிணற்றடிக்குப் போனது. பிற்பாடு சென்னியப்பனே கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் போனில் பேசியபோது, எதிர்முனையில் யாரென்று ஒரு நிமிஷம் தெரியவில்லை என்றார் ருக்குமணி.

வலியும் குறைந்திருந்தது. வீக்கம் வடிந்திருந்தது. ஒரு காலையில் சட்டையில் இரண்டு பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார்.

எல்லாம் சோப்பு செய்த வேலை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மடத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். முட்டிவலிக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். தை பிறந்ததும் வேலைக்கு வருவதாகப் பட்டறைக்குத் தகவலும் அனுப்பிவிட்டார்.

உமையாளிடமும் ஒரு நாள் இதையெல்லாம் விவரமாகச் சொன்னார். நோயை ஜெயித்த கதை அது. உமையாள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

கேட்டுவிட்டு, “மாத்திரை போட்டீங்களா?” என்றார்.

போட்டுவிட்டதாகச் சொன்னார் சென்னியப்பன். தான் இவ்வளவு சொல்லியும் இதைத்தானா கேட்பது என்று அவருக்கு வருத்தம்.

*

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

ஒரு காலையில் அவருடைய விரல்கள் திறக்கவில்லை. வெந்நீரில் ஊறவைத்தார். பத்து மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. திறக்கவில்லை. மாத்திரையில் ஒரு வேளைகூடத் தவறியதில்லை. மழையைக் குறை சொல்லலாம் என்றால், வெயில் அடித்த மறுநாளும் அப்படியேதான் இருந்தது.

மூன்றாம் நாள் ஸ்பூன் பிடியில் நிற்காமல் நழுவியது. நாலாம் நாள் மணிக்கட்டும் வீங்கிவிட்டது. பாதி செதுக்கிய யானை பலகையில் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. முழங்கையால் அதைத் தட்டிவிட்டார். தரையில் விழுந்து தும்பிக்கை ஒடிந்தது.

ஏமாந்துபோனோம் என்று நினைத்தார். ஊரெல்லாம் சொல்லியாயிற்று. ருக்குமணியிடம் என்ன சொல்வது? பட்டறையில் என்ன சொல்வது?

உமையாளைச் சில நாட்களாக வெளியில் காணவில்லை. மாதா மாதம் மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்ப்பது அவர் வழக்கம். அங்கேதான் போயிருப்பார் என்று சென்னியப்பன் நினைத்திருந்தார். விசாரித்தபோது அறையில்தான் இருக்கிறார் என்றார்கள்.

கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனார்.

கதவு திறந்திருந்தது. கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்து உமையாளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கைகள் இரண்டும் துணி சுற்றி மடியில் கிடந்தன. பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். உமையாளின் இமைகள் தடித்திருந்தன.

சென்னியப்பன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“எத்தனை நாளாங்க?”

“ஆறு நாளு,” என்றார் உமையாள்.

“அழுதீங்களா?”

“நல்லா அழுதேன்.”

மழை பெரிதாகப் பெய்யத் தொடங்கியது. சென்னியப்பன் உள்ளே ஒரு அடி வைத்தார்.

“இருவது வருஷமா செய்யறீங்க. உங்களுக்கே இப்படின்னா, அந்தச் சோப்பு எதுக்குங்க? எனக்கு நல்லாயிருச்சுன்னு பாக்கற ஆளுக்கெல்லாம் சொன்னனே. நீங்களும் கேட்டுட்டுத்தான இருந்தீங்க.”

உமையாள் வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கினார். தண்ணீர் கேட்டு ஒரு வாய் குடித்தார். பிறகு தாடையால் ஜன்னல் பக்கம் காட்டினார்.

ஜன்னலில் ஒரு பாதிக் கட்டி சோப்பு இருந்தது. ஒரு கீறல்கூட விழாத புதுச் சோப்பு. படுத்தபடியே பார்க்கும்படி அதை அங்கே வைக்கச் சொன்னாராம்.

“அது நரி,” என்றார் உமையாள்.

சென்னியப்பன் சோப்பைப் பார்த்தார்.

“ஆறு நாளா மனசுக்குள்ளயே செஞ்சுக்கிட்டிருக்கேன். காது வந்துருச்சு. மூக்கு, நீங்க பாக்கணும், அவ்வளவு நல்லா வந்துருக்கு. வால்தான் வம்பு பண்ணுது. வலப்பக்கம் வளைச்சா மூஞ்சிய மறைக்குது. இடப்பக்கம் வளைச்சா சோப்பு பத்தலை. நேத்து வலியில உயிர் போயிட்டு வந்துச்சு. அப்பவும் இந்த வாலுதான் கண்ணு முன்னாடி. நீங்க லேத்துல நின்னவரு. ஒரு வழி சொல்லுங்க.”

அடுக்கிக்கொண்டு வந்தவற்றில் பாதியைச் சென்னியப்பன் இன்னும் கேட்கவே இல்லை.

ஜன்னலுக்குப் போய்க் குனிந்து பார்த்தார். இந்தப் பக்கமிருந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

சோறு ஆறுகிறது என்றார் பேச்சியம்மாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னார். யார் காதிலும் விழவில்லை.

“அம்மிணி,” என்றார் சென்னியப்பன், சோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். “உக்காந்திருக்கற நரிக்கு வாலு எங்கீங்க தெரியப் போகுது?”

உமையாள் கண்களை மூடிக்கொண்டார். உள்ளே நரி மெல்ல உட்காருவது அவர் முகத்தில் தெரிந்தது.

“அப்ப முன்னங்காலை என்ன பண்றது?” என்றார், கண்ணைத் திறக்காமலேயே.

சென்னியப்பன் மூலையில் இருந்த ஸ்டூலைக் காலாலேயே தள்ளிக்கொண்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.