இருவாச்சியின் சிறகோசை

என் மனைவி நஞ்சம்மாளை உயிரோடு நான் கடைசியாகப் பார்த்தது பெரிய தான்றி மரத்தடியில். தினமும் காட்டுக்குக் கடுக்காய் பொறுக்கப் போகிறவள் அன்றும் கூடையோடு போனாள். யாரிடம் பேசிவிட்டு இவ்வளவு சிரித்த முகமாகத் திரும்புகிறாள் என்று எனக்குள் ஓர் அரிப்பு. சத்தமில்லாமல் பின்னாலேயே போனேன். அவள் தனியாக, மரத்துப் பொந்தை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சருகு மேல பூனையாட்டம் வர்றீங்களே, எனக்குக் கேக்காதுங்களா? உக்காருங்க. உங்க சொந்தக்காரன் கதை ஒண்ணு சொல்றேன்" என்றாள். அவள் சொன்னது இது.

அந்தக் காலத்தில், பறவையும் மரமும் பேசிக்கொண்டிருந்தபோது, இந்தத் தான்றியில் பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவை ஜோடி ஒன்று இருந்தது. அப்போதெல்லாம் இருவாச்சி பறந்தால் ஓசையே இருக்காது. ஆணுக்கு அது வசதியாகப் போயிற்று. பெட்டை எங்கே போனாலும் பின்னால் போய் நிற்கும். அலகை முகர்ந்து பார்க்கும்.

"இத்திப்பழ வாசனை அடிக்குது. இத்தி ஆத்துக்கு அந்தாண்டைதானே இருக்குது? அங்கே யாரோட பேசினே?"

"பழத்தோடதானுங்க மாமா. அது பதில் சொல்றதுக்குள்ள முழுங்கிட்டேன்."

ஆணுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டை முட்டையிடப் பொந்துக்குள் நுழைந்ததும், ஆண் ஈரமண்ணை அள்ளிவந்து பொந்தின் வாயை அடைக்கத் தொடங்கியது.

"ஏனப்பா, இது குடித்தனமா, சிறையா?" என்று தான்றி கேட்டது. ஆண் காதில் வாங்காமல் பூசியது.

பெட்டை அழவில்லை. உள்ளிருந்து அதுவும் பூசியது. அலகு நுனி நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டது.

"இது எதுக்கு?" என்றது ஆண்.

"பசிக்குமில்லீங்களா? இனி நீங்கதான் பழம் கொண்டாரணும்."

ஆண் இறக்கையை விரித்தது. தான் போனபின் இந்தக் கீறலில் வேறு எவனாவது அலகை நீட்டினால்? விரித்த இறக்கையை மடக்கிக்கொண்டு கிளையிலேயே உட்கார்ந்துவிட்டது. காவல் இருந்தால் பழமில்லை; பழத்துக்குப் போனால் காவலில்லை. இரண்டு நாள் அப்படியே கழிந்தது.

மூன்றாம் நாள் கீறலில் அலகு தெரியவில்லை. கறுப்பு இறகு ஒன்று வெளியே வந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. சிறகிறகு, வாலிறகு எல்லாம் விழுந்தன.

"இனி நினைச்சாலும் பறக்க முடியாது. போதுங்களா மாமா?" குரல் நூலாக வந்தது. "உள்ளே முட்டை ரெண்டு இருக்குது. நீங்க காவல் காத்தா மூணு உசுரும் போயிரும்."

ஆண் பறந்தது. அந்தி சாயும்வரை பழம் பழமாகக் கொண்டுவந்து ஊட்டியது. ஆனாலும் அது ஓசையில்லாமல் வந்து நின்ற ஒவ்வொரு முறையும், வேவு பார்க்க வந்ததாக நினைத்துப் பெட்டை உள்ளே நடுங்கியது. கீறல் வழியே ஆண் அதைப் பார்த்தது. கிளையில் உட்கார்ந்து, தன் இறக்கைக்கு அடியில் இருந்த மெல்லிய இறகுகளை ஒவ்வொன்றாகக் கொத்திப் பிடுங்கி எறிந்தது. அந்த இறகுகள்தான் ஓசையை அடக்கி வைத்திருந்தன. அன்று தொடங்கியதுதான் அந்தச் சிறகோசை. இருவாச்சி வருவது இன்றைக்கும் காட்டுக்கே கேட்கிறது.

நஞ்சம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "உங்களுக்கு இறகு இல்லை. இனிமேல் இருமிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு ஓடைப் பக்கம் இறங்கினாள். மத்தியானம் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள்.

தான்றி நிற்கிறது. இந்த வருஷமும் இருவாச்சிகள் பொந்தின் வாயைப் பூசியிருக்கின்றன, ஒரு கீறல் விட்டு.