விதைக்கு நின்ற பூ

மயிலாத்தாளுக்கு ஐம்பது வயது. அவளுடைய குருவுக்கு முப்பத்தாறு. மடத்தின் பெரிய சாமி சமாதியான பிறகு அந்த இடத்துக்கு வந்தவர். வருஷத்துக்கு ஒருமுறை, தை முதல் வெள்ளியன்று, அவள் வீட்டுக்கு வருவார். தோட்டத்தில் இருப்பதிலேயே நல்ல பூவை அவர் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் வாயை நனைப்பார். அவள் கணவர் சென்னியப்பனின் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அப்படித்தான்.

போன வருஷம் அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"சாமி, என்னைக் கட்டிக் குடுக்கறப்ப எங்கம்மா செண்டுமல்லி வெதை குடுத்தனுப்புச்சு. அப்பெல்லாம் ஒரு பூவே கை நெறைய இருக்கும். இப்ப வருசா வருசம் சிறுத்துட்டே வருது. மண்ணை மாத்தினேன், எருவை மாத்தினேன். ஏனுங்க சாமி இப்பிடி?"

"வெதைக்கு எந்தப் பூவை விடுவீங்கம்மா?"

"பறிச்சது போக மிச்சம் நிக்கறதைத்தானுங்க."

"பறிச்சது?"

"நல்லதெல்லாம் சாமிக்கும் கோயிலுக்கும் குடுத்துருவமுங்க."

அவர் பாலைக் குடித்து முடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். "வர்றேம்மா" என்று கிளம்பிவிட்டார்.

மயிலாத்தாளுக்கு எரிச்சலாக வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பால் குடித்துவிட்டுப் போகிற குருவை யாருக்குத்தான் பிடிக்கும்? ஐப்பசியில் விதை டப்பாவைத் திறந்தாள். உள்ளே சுண்டிப்போன குட்டிப் பூக்கள் கிடந்தன. அவற்றைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அந்த விதையில் முளைத்தது பதினோரு செடி. பத்தில் பூ சட்டைப் பொத்தான் அளவுக்கு. துவைக்கிற கல்லோரம் நின்ற ஒன்றில் மட்டும், அம்மா வீட்டில் பூத்த மாதிரியே, கை நிறைய ஒரு பூ. அந்தச் செடியின் மற்ற கிளைகளை ஆடு மேய்ந்துவிட்டது. மிஞ்சியது அந்த ஒரு பூதான். அதன் காம்பில் சிவப்பு நூல் கட்டினாள்.

தை வெள்ளி வந்தது.

"சாமி வர்ற நேரமாச்சு. அதைப் பறி" என்றார் சென்னியப்பன்.

"மாட்டேனுங்க."

"என்ன புள்ள பேசற? இந்தப் பொத்தானையா நீட்டுவ?"

"செடியில காஞ்சாத்தான் வெதைங்க. இப்பப் பறிச்சா ஒண்ணும் தேறாது."

"சாமி சாப்பிடாமப் போனா இந்த வீடு வெளங்குமா?"

அவளுக்கும் அந்தப் பயம்தான். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. சென்னியப்பன் கத்தியோடு கொல்லைக்குப் போனார். அவள் ஓடிப்போய்ச் செடிக்கு முன்னால் நின்றுகொண்டாள். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

சாமி வீட்டுக்குள் உட்காரவில்லை. நேராகக் கொல்லைக்கே வந்தார். துவைக்கிற கல்மேல் அவள் வைத்திருந்த தட்டைப் பார்த்தார். அதில் பத்துக் குட்டிப் பூக்கள் இருந்தன. பிறகு சிவப்பு நூலைப் பார்த்தார். கையை நீட்டினார்.

"அதைக் குடுங்கம்மா."

"முடியாதுங்க சாமி."

சென்னியப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவளுக்குப் புத்தி பெசகிப் போச்சுங்க. நான் பறிச்சுத் தர்றேன்" என்று முன்னால் வந்தார்.

"நீங்க இருங்க" என்றார் சாமி. நீட்டிய கை அப்படியே இருந்தது. "ஏம்மா முடியாது?"

"வெதைக்கு நிக்குதுங்க. இது போச்சுன்னா எங்கம்மா பூ இத்தோட போச்சு."

"சாப்பிடாமப் போயிருவேன்."

அவள் செடியை ஒட்டி நின்றுகொண்டாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. நகரவில்லை.

"போனாலும் சரிங்க சாமி."

ஒரு தேனீ வந்து அந்தப் பூவில் உட்கார்ந்தது. அது எழுந்து போகிறவரை சாமி கையை மடக்கவில்லை. பிறகு தட்டிலிருந்து ஒரு குட்டிப் பூவை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தார்.

"பால் ஆறிடப் போவுது. கொண்டாங்கம்மா."

சென்னியப்பனே ஓடிப்போய்க் கொண்டுவந்தார். சாமி ஒரே மூச்சில் குடித்தார்.

"வெதை காஞ்சதும் மடத்துக்குப் பத்து அனுப்பி வைங்க."

மயிலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மடத்து நந்தவனம் அஞ்சு ஏக்கருங்க. அங்க இல்லாத செண்டுமல்லியா சாமி?"

சாமி காதிலிருந்த பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இருக்கும்மா. இதைவிடச் சின்னதா இருக்கு. அங்க எங்கிட்ட யாரும் முடியாதுன்னு சொன்னதில்லை."