ஆயர் வால்ரிக் தட்டிய கதவு

நண்பகலில் மலைமேல் இருந்த துறவி மடத்தின் கதவை யாரோ இரண்டு கைகளாலும் தட்டினார். வாசலைக் காத்துவந்த சீடர் ஓடோ சிறு சாளரத்தைத் திறந்து பார்த்தார். பார்த்ததும் மடத்துத் தலைவர் லாம்பர்ட்டிடம் ஓடினார்.

"சுவாமி, ஆயர் வால்ரிக் வந்திருக்கிறார். தனியாக. காலில் செருப்புகூட இல்லை."

அந்தப் பெயரை அறியாதவர் நாட்டில் இல்லை. ஒரு காலத்தில் வால்ரிக் சாதாரணத் தேவாலயச் சாமியார். பத்தே ஆண்டுகளில் ஆயர் ஆனார். பிறகு அமைச்சரும் ஆனார்; அரச முத்திரை அவர் கைக்கு வந்தது. அரசருக்கு அடுத்த இடம் அவருக்குத்தான். மூன்று நாள் முன்பு அதே அரசர் அவரைப் பிடித்துவர ஆணையிட்டார்.

அடைக்கலம் பெற்றவரை மடத்துக்குள் வந்து யாரும் தொட முடியாது. நாற்பது நாள்வரை அரசரும் மதிக்கும் வழக்கம் அது. ஆனால் வருபவர் வாசலுக்கு வெளியே நின்று, தான் செய்த தவறு ஒன்றைத் தன் வாயால் சொல்ல வேண்டும். பிறகுதான் கதவு திறக்கும்.

லாம்பர்ட் கதவருகே வந்து நின்றார்.

"சொல்லுங்கள், ஆயரே."

"சொல்வதற்கு இதுவா நேரம்? கீழே பாரும். குதிரைகள் பாலத்துக்கு வந்துவிட்டன."

"தெரிகிறது. சொல்லுங்கள்."

"நான் எந்தத் தவறும் செய்யவில்லை. எல்லாம் அரசரின் ஆணை."

"தவறே செய்யாதவருக்கு அடைக்கலம் எதற்கு?"

வால்ரிக் கதவை உதைத்தார். "நான் போட்டுக்கொடுத்த கூரைக்குக் கீழே நின்றுகொண்டு என்னையே கேள்வி கேட்கிறீரா?"

"நல்ல கூரை. ஒழுகுவதில்லை. கதவுதான் பழையது."

ஓடோவால் பொறுக்க முடியவில்லை. "கொன்றுவிடுவார்கள், சுவாமி. முதலில் திறப்போம். பிறகு கேட்டுக்கொள்ளலாம்."

லாம்பர்ட் தாழ்ப்பாளின்மேல் கை வைத்தார். இழுக்கவில்லை.

"சரி," என்றது வெளியிலிருந்த குரல். "பொறாமைக்கு இடம் கொடுத்தேன். போதுமா?"

"யார்மேல் பொறாமை?"

"என்மேல். மற்றவர்களுக்கு."

குதிரைகள் மலைப்பாதையில் ஏறத் தொடங்கின. குளம்புகள் கல்லில் மோதும் சத்தம் தெளிவாகக் கேட்டது. வால்ரிக் தட்டுவதை நிறுத்திவிட்டார். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

"நான் வெறும் சாமியாராக இருந்தபோது ஒரு பெண்," என்றார். "துணி வெளுப்பவள். சாகக் கிடந்தாள். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி மன்றாடும் அவஸ்தைப் பூசுதலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நெற்றியில் எண்ணெய் பூசினேன். கைகளில் பூசுவதற்குள் அரண்மனை ஆள் வந்து நின்றான். அரசருக்கு லத்தீன் எழுதத் தெரிந்தவர் உடனே வேண்டுமாம். இதோ வந்துவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன்."

"வந்தீர்களா?"

"இல்லை. நான் வெளியேறும்போதும் கைகளை நீட்டிக்கொண்டே இருந்தாள்."

தாழ்ப்பாள் விலகியது. வால்ரிக் தவழ்ந்து உள்ளே வந்தார். ஓடோ கதவை அடைத்த அதே நொடியில் ஈட்டிக் காம்பு ஒன்று அதில் இடித்தது.

"அடைக்கலம் கொடுத்தாயிற்று!" என்றார் லாம்பர்ட்.

வெளியே வசைகள் கேட்டன. பிறகு வீரர்கள் இறங்கிக் குதிரைகளை மரத்தில் கட்டும் சத்தம்.

வால்ரிக் முகத்தைத் தரையில் வைத்துக் கிடந்தார். ஓடோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லாம்பர்ட்டிடம் திரும்பினார்.

"சுவாமி, இவர் முத்திரையிட்ட ஆணையால் மூன்று ஊர்கள் எரிந்தன. ஒன்றில் என் அண்ணன் இருந்தான். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இதைக் கேட்டா அமைச்சரை உள்ளே விட்டீர்கள்?"

"உள்ளே வந்தது அந்தச் சாமியார், ஓடோ. அமைச்சர் இன்னும் தட்டவில்லை. தட்டும்போது நீயே கேள்."