முதுகு காட்டி வந்த கார்

ஒத்தப்பனைப்பட்டி ஆட்களுக்குப் பழைய கார் ஒன்று பேசி முடித்துக் கொடுத்தேன். அதற்கு முன்னால் எனக்கு ரத்தக்கொதிப்பு கிடையாது.

இந்தப் பழைய கார் தரகுத் தொழிலை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடிபட்டுக் கற்றதுதான். நான் முதன்முதலில் வாங்கிய காரில் பளபளப்பான பெயின்டைப் பார்த்தேன், உள்ளே இன்ஜின் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அதை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தவன் நான். அதனால் பேரத்தில் எவனாவது கிறுக்குத்தனம் பண்ணினால் எனக்குச் சுள்ளென்று ஏறிவிடும்.

அன்றைக்குக் காலையில் கடையைத் திறந்ததும் நாலு பேர் வந்து வரிசையாக நின்றார்கள். மொக்கராசு, அவர் மச்சான் பிச்சாண்டி, மொக்கராசின் மகன் தவசி, அவர்கள் ஊரில் டிராக்டர் ஓட்டும் சங்கிலி.

“அண்ணாச்சி, ஒரு பழைய கார் வேணும். இன்னைக்கே வேணும்” என்றார் மொக்கராசு.

“அப்படி என்ன அவசரம்?”

“சாயங்காலம் தவசிக்குப் பொண்ணு பாக்கப் போறோம். சொந்தக் கார்லதான் வருவோம்னு பொண்ணு வீட்ல சொல்லிட்டேன்.”

“கையில கார் இல்லாமலேயா சொன்னீரு?”

“பொய் சொன்ன மாதிரி ஆயிரக் கூடாதுல்ல, அதான் வாங்க வந்துட்டோம்.”

தவசிக்கு வயது முப்பத்தாறு. பார்த்த இடமெல்லாம் தட்டிப் போயிருந்தது. இந்த இடமும் போனால் சாமியாராகிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தான். தாடி வளர்ப்பதா, மொட்டை அடிப்பதா என்பதில் மட்டும் கொஞ்சம் குழப்பம் இருந்தது.

பாவமாகத்தான் இருந்தது. அருள்தாஸ் சாரிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார், அங்கே கார் நிறுத்த இடமில்லை. எழுபதாயிரத்துக்குக் குறையாத வண்டி. போகிற வழியிலேயே நாலு பேருக்கும் பாடம் எடுத்தேன்.

“கார் பிடிச்சாலும் பிடிச்ச மாதிரி காட்டிக்கக் கூடாது. குறையைத் தேடுங்க, ஒவ்வொரு குறைக்கும் விலை குறையும். அவர் என்ன விலை சொன்னாலும் பாதியைக் கேளுங்க. ஒத்து வரலைன்னா நடையைக் கட்டுங்க. கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காதீங்க. விளங்குச்சா?”

“விளங்குச்சு அண்ணாச்சி” என்றார்கள் நாலு பேரும் ஒரே குரலில்.

சார் வீட்டு வாசலில் கார் நின்றது. அதைப் பார்த்ததும் மொக்கராசின் முகம் மலர்ந்தது. உடனே சுதாரித்துக்கொண்டு காருக்கு முதுகைக் காட்டி நின்றார். பிச்சாண்டி துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார். தவசி “ஐயோ, அவலட்சணம்!” என்று அழவே ஆரம்பித்துவிட்டான்.

“யாராச்சும் செத்துட்டாங்களா?” என்று சார் என்னிடம் கேட்டார்.

பிறகு குறை தேடினார்கள். சார் அந்தக் காரைக் கைக்குழந்தை மாதிரி வைத்திருந்தவர். ஒரு கீறல் கிடையாது. நாலு பேரும் வேப்பமரத்தடியில் கூடி யோசித்தார்கள்.

“குறையே இல்லைன்னா விலை எப்படி மாமா குறையும்?” என்றார் பிச்சாண்டி.

“குறை இல்லாதது ஒரு பெரிய குறைதான்” என்றார் மொக்கராசு.

சங்கிலி போய் ஒரு கருங்கல்லை எடுத்து வந்தான். “நாமளே ரெண்டு குறை போட்டுக்குவோம்ணே. எவ்வளவு வேணுமோ அவ்வளவு குறைச்சுக்கலாம்.”

கல்லை நான் பிடுங்கிய வேகத்தில் என் கைக்கடிகாரம் கழன்று சாக்கடையில் விழுந்தது.

“சரி, விலைக்கு வருவோம். ஒரு லட்சம்” என்றார் சார்.

“அம்பதாயிரம்!”

“என்னப்பா இது, எண்பதாயிரம் வெச்சுக்கோங்க.”

“நாப்பது!”

“எழுபது. அதுக்குக் கீழே பேச்சில்லை.”

“முப்பத்தஞ்சு!”

சார் எரிச்சலில், “அப்படின்னா ஒன்றரை லட்சம் தாங்கய்யா!” என்றார்.

“எழுபத்தஞ்சு!” என்றார் மொக்கராசு, அதே மிடுக்கோடு.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்த மனுஷர் இல்லையா? “ரெண்டு லட்சம்” என்றார் மெதுவாக.

“ஒரு லட்சம்! அதுக்கு மேல ஒத்தப்பைசா கூடத் தர மாட்டோம்!”

எனக்கு நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறித்தது. “நடையைக் கட்டுங்கடா!” என்று கத்தினேன்.

கட்டினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேரும் தெருமுனையைத் தாண்டிவிட்டார்கள். மறுநாள் ஊரைக் காலி பண்ண வேண்டிய சாருக்கு வியர்த்துவிட்டது. “ஏப்பா, எழுபதுக்கே தர்றேன், வாங்கப்பா!” என்று கூப்பிட்டார். “முப்பத்தஞ்சு!” என்று சத்தம் மட்டும் வந்தது. ஒருத்தனும் திரும்பவில்லை.

“டேய், போதும்டா, திரும்புங்கடா!” என்று நானும் கத்திப் பார்த்தேன்.

“அண்ணாச்சி நம்மளைச் சோதிக்கிறாரு. வேகமா நட” என்று பிச்சாண்டி சொன்னது என் காதில் விழுந்தது.

வேறு வழியில்லாமல் சார் காரை எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் முன்னால் நடக்க, நாங்கள் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் போக, அப்படியே ஒத்தப்பனைப்பட்டி வந்து சேர்ந்துவிட்டது. வீட்டுச் சுவர் குறுக்கே வந்ததால்தான் மொக்கராசு நின்றார்.

நான் இறங்கி ஒரு ஆட்டம் ஆடிவிட்டேன். “இனி எவனும் வாயைத் திறக்கக் கூடாது! காருன்னா ஓட ஓட விலை இறங்கும். உங்களால இம்புட்டு தூரம் ஓடிருச்சு. அதைக் கழிச்சு அறுபத்தெட்டு. இதுதான் நியாயமான விலை. சார், சரியா?”

சார் களைத்துப்போயிருந்தார். ரூபாயை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

ஆனால் நம் ஆட்கள் முகத்தில் ஈயாடவில்லை.

“அண்ணாச்சி, ஓட ஓட விலை இறங்கும்னா, பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எங்க கார் என்ன ஆகும்?” என்றார் மொக்கராசு.

“தள்ளிக்கிட்டே போயிருவோமா?” என்றான் தவசி.

“தள்ளினாலும் சக்கரம் சுத்துமே மாப்ள. நாலு பேரும் தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு” என்றார் பிச்சாண்டி. தூக்கியும் பார்த்தார்கள். காருக்கு ஒன்றும் ஆகவில்லை, பிச்சாண்டிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

அப்போது சங்கிலி சொன்னான்: “முன்னால போனா விலை இறங்கும். அப்போ பின்னால போனா ஏறணும்ல?”

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். என்னையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். சங்கிலி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு பெண் வீடு வரைக்கும் ரிவர்ஸிலேயே ஓட்டினான். பின்னால் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் வழி நெடுக எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். மொக்கராசு அவருக்குக் கண்ணாடி வழியாகக் கும்பிடு போட்டார்.

பெண்ணின் அப்பா வேலாண்டி வாசலில் நின்றிருந்தார். முதலில் காரின் பின்பக்கம் வந்தது, பிறகுதான் நாங்கள்.

“என்ன இது, குண்டி காட்டி வர்றீக?” என்றார்.

தொலைந்தது என்று நினைத்தேன். தவசியின் கை தாடையைத் தடவியது, தாடிதான் என்று முடிவு பண்ணிவிட்டான் போல. மொக்கராசு விஷயத்தை எடுத்துச் சொன்னார். வேலாண்டி காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, “புறப்பட்டப்போ இருந்ததைவிட இப்போ விலை கூடியிருக்குமே!” என்று வியந்து போனார். “பொறுப்பான குடும்பம். உள்ளே வாங்க.”

தவசி காரை விட்டு இறங்கி, பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குள் போனான்.

“மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் வயசு ஓடிருச்சு பாருங்க. அதான்” என்று பிச்சாண்டி விளக்கம் சொன்னார்.

வேலாண்டி பதறிப் போய் அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்தினார்: “அடியேய் செல்லாயி, புள்ளைய நேரா அனுப்பிறாத! திருப்பி விடு!”

காபித் தட்டோடு பெண்ணும் பின்பக்கமாகவே வந்தது. கூடத்து நடுவில் முதுகும் முதுகும் முட்டிக்கொண்டன. காபி என் சட்டையில்.

“பொண்ணைப் பிடிச்சிருக்கா?” என்று கேட்டார்கள்.

“நல்ல நீளமான சடை போலருக்கு. முதுகுல இடிக்குது. பிடிச்சிருக்கு” என்றான் தவசி.

“உனக்குப் பிடிச்சிருக்கா ஆத்தா?”

“திரும்பிப் பாக்காத மனுஷன்” என்று வெட்கப்பட்டது பெண்.

தாம்பூலம் மாற்றினார்கள். “வர்ற தை மாசம் கல்யாணத்தை வெச்சுக்கலாமா?” என்று கேட்டார் மொக்கராசு.

“முன்னால போகப் போக வயசு ஏறுமே சம்பந்தி. போன தையிலேயே வெச்சுக்குவோம்” என்றார் வேலாண்டி. எல்லோரும் சரி என்றார்கள்.

நான் தப்பித்தோம் என்று எழுந்து செருப்பை மாட்டினேன். நாலு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொக்கராசு ரொம்ப வருத்தமாகச் சொன்னார்:

“என்ன இருந்தாலும் அண்ணாச்சி, போன தையில எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்க வரலை. மொய்யாவது வெச்சுட்டுப் போங்க.”