பழம் கேட்ட பவளாயி

முன்னொரு காலத்திலே, கழுதைக்கும் வாய் பேச வந்த காலத்திலே, வெண்மலை நாடு என்று ஒரு ராஜ்யம் இருந்தது. நாட்டுக்கு நடுவிலே ஒரு மலை. மலையின் வயிறு முழுக்க வெள்ளைக் கல். உச்சி மட்டும் வழுவழுவென்று கரும்பாறை. அந்த வெள்ளைக் கல்லைப் பொடித்துத்தான் வாசலில் கோலம் போட்டார்கள். குழைத்துத்தான் சுவரில் பூசினார்கள். பிள்ளைகள் அதை எடுத்துத்தான் கண்ட இடத்தில் கிறுக்கி, அம்மாக்களிடம் அடி வாங்கினார்கள்.

மலையிலிருந்து கல் கொண்டுவந்து வீடு வீடாகப் போடுகிறவள் பவளாயி. அவளுக்கு ஆறு வயதில் செண்டு என்று ஒரு பெண். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய்! மூட்டை சுமக்க மூக்கன் என்று ஒரு கழுதை. அதுக்கும் வாய்க்குக் குறைச்சல் இல்லை.

இப்படி இருக்கும்போது அந்த மலைக்கு ஒரு மந்திரவாதி வந்து சேர்ந்தான். பேர் கோட்டுமாயன். அவன் கையில் ஒரு வெள்ளைக்கட்டி. பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பார்த்திருப்பீர்களே, அதேதான். ஆனால் தேயவே தேயாது. எதைச் சுற்றி அவன் கோடு போட்டு, "சுத்திப் போட்டேன் கோடு, உள்ள இருக்கறது என் வீடு!" என்று சொல்கிறானோ, அது சாண் அளவுக்குச் சுருங்கி, பாறையில் வெள்ளைப் படமாக ஒட்டிக்கொள்ளும். ராஜாவின் பட்டத்து யானை அப்படித்தான் போனது. கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாப்பிள்ளை, மாலையும் கழுத்துமாகப் போனான். பிடித்துவரப் போன பன்னிரண்டு சிப்பாய்களும் ஈட்டியோடு வரிசையாகப் படமாகிவிட்டார்கள்.

"மலைப்பக்கம் போகாதே பவளாயி" என்றார்கள் ஊரில். போகாவிட்டால் அடுப்பு எரியாதே! உச்சிக்குப் போகமாட்டேன், பாதி மலையோடு திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் அன்றைக்கும் போனாள்.

அவள் குனிந்து கல் பெயர்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் பெண்ணைக் காணோம். "செண்டு! ஏ செண்டு!" மேலேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

"ஏன் சாமி, உங்க கோடு இவ்வளவு கோணலா இருக்கு?"

பவளாயி கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். முள் கிழித்தது தெரியவில்லை. உச்சிக்கு ஏறி நிற்கவும், கோட்டுமாயன் கோட்டின் நுனியை நுனியோடு சேர்க்கவும் சரியாக இருந்தது.

"சுத்திப் போட்டேன் கோடு, உள்ள இருக்கறது என் வீடு!"

அவ்வளவுதான். நின்றிருந்த பெண் இல்லை. பாறையில் சாண் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் படம். ரெட்டைச் சடை, இடுப்பில் கை, பேசப் போகிற மாதிரி திறந்த வாய். கண் மட்டும் உருண்டு உருண்டு அம்மாவைத் தேடியது.

"என் கோடா கோணல்?" என்றான் மந்திரவாதி. ஆத்திரத்தில் அவன் தாடி ஆடியது. "என் காலத்தில் ஒரு கோட்டை நான் கோணலாகப் போட்டதும் இல்லை, ஒரு கோட்டை மிதித்ததும் இல்லை!"

"சாமி, சின்னப் பிள்ளை, தெரியாமச் சொல்லிடுச்சு. விட்டுடுங்க."

"விடுவதா? மேலே பார்."

பார்த்தாள். தென்மேற்கே வானம் எருமைத் தோல் மாதிரி கறுத்துக்கிடந்தது. காற்றில் ஈர வாடை.

"இன்னும் கொஞ்ச நேரத்தில் மழை வரும். பாறை சுத்தமாகிவிடும். புதிதாக வரையலாம்" என்றான் அவன், பழைய பாயைத் தூக்கிப் போடுகிறவன் மாதிரி.

பவளாயிக்கு யோசிக்க நேரம் இல்லை. மண்டி போட்டு, முந்தானையால் கோட்டை அழித்தாள். அழித்த கோடு மறுபடியும் முளைத்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். துணி கொஞ்சம் வழுக்கிப் படத்தில் பட்டுவிட்டது. செண்டுவின் ஒரு சடையில் பாதியைக் காணோம்! "ஐயோ" என்று கையை நெருப்பில் பட்டதுபோல இழுத்துக்கொண்டாள்.

ஓடிப்போய், பின்னாலேயே ஏறிவந்த மூக்கன் முதுகில் இருந்த சாக்கை எடுத்துவந்து படத்துக்கு மேலே விரித்தாள். ஒரு காற்று அடித்தது. சாக்கு பறந்து பள்ளத்தாக்கில் போய் விழுந்தது. மறுபடி எதை விரிப்பது?

மூன்றாவதாக, அழுதாள். வேறு என்ன செய்வாள்? அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை.

மூக்கன் அவள் காதோரம் மூச்சு விட்டது. "தாயி, அழுதது போதும். அந்த ஆளு நடக்கறதைப் பாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். கோட்டுமாயன் தன் படங்களுக்கு நடுவே குதிகால் தூக்கி, கொக்கு மாதிரி நடந்துகொண்டிருந்தான். கோட்டை மிதிக்கவில்லை. பாறையில் ஓடிய விரிசலைக்கூட மிதிக்கவில்லை. எதை மிதிக்கக்கூடாது என்பதே நினைப்பாக இருந்தான். இப்படி நடக்கிறவர்களைப் பவளாயி தினமும் பார்க்கிறாள். அவள் தெருவில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் பத்து வயதுக்குள்தான்.

"சாமி" என்றாள். "கோட்டை மிதிக்காம நடக்கறதுல எங்க ஊர்ப் பிள்ளைங்க உங்களைவிடக் கெட்டி. நானே கெட்டி."

"நீயா?"

"பாண்டி ஆடலாம், வாங்க. சில்லு எத்தறதெல்லாம் வேண்டாம், மழை வருது. எட்டுக் கட்டம். கண்ணை மூடி, முகத்தை வானத்துக்குத் தூக்கி, ஒத்தைக் கால்ல நொண்டிப் போகணும். ஒவ்வொரு கட்டத்துலயும் 'சரியா?'ன்னு கேக்கணும். கோட்டை மிதிக்கலேன்னா மூக்கன் 'சரி'ம்பான். மிதிச்சாலோ கண்ணைத் திறந்தாலோ ஆட்டம் போச்சு."

"தோற்றால்?"

பவளாயி செண்டுவின் படத்தைப் பார்த்தாள். "தோத்தா, என் பொண்ணுக்குப் பக்கத்துல என்னையும் வரைஞ்சுடுங்க. கையைப் பிடிச்ச மாதிரி வரைங்க."

"ஜெயித்தால்?"

"பழம் வேணும்."

கோட்டுமாயன் வயிறு குலுங்கச் சிரித்தான். பெண்ணைக் கேட்பாள் என்று நினைத்தான். இவள் பழம் கேட்கிறாளே! "ஒன்று என்ன, எட்டு எடுத்துக்கொள்! சொன்ன சொல் மாறமாட்டேன்."

"கட்டம் நீங்களே போடுங்க சாமி, உங்க கோடுதான் நேரா இருக்கும். உங்க படத்தையெல்லாம் சுத்தியே போடுங்க. யானையும் சிப்பாய்ங்களும் நீங்க ஆடறதைப் பாக்க வேணாமா?"

புகழ்ச்சிக்கு மயங்காத மந்திரவாதி உண்டா? படங்கள் எல்லாம் உள்ளே விழும்படி நூல் பிடித்த மாதிரி எட்டுக் கட்டம் போட்டான். முதல் கட்டத்தில் யானை, எட்டாவதில் செண்டு.

முதலில் அவன் இறங்கினான். கண்ணை மூடினான், ஒற்றைக் காலில் ஒரு தாவு. நட்டநடுவில் நின்றான்.

"கேக்கணும் சாமி" என்றது மூக்கன்.

"நான் ஒரு கழுதையிடம் கேட்பதா?"

"கேக்கலேன்னா நான் சொல்லமாட்டேன்."

"...சரியா?"

"சரி."

இரண்டாவது கட்டம். "சரியா?" "சரி." மூன்றாவது கட்டம். அங்கேதான் அவனுக்கு ஒரு எண்ணம் வந்தது. 'இது அவள் கழுதை ஆயிற்றே. சரி சரி என்று சொல்லியே என்னைக் கோட்டில் ஏற்றிவிட்டால்?' இத்தனை வருஷத்தில் அவன் யாரையும் நம்பிப் பழக்கமில்லை. இடது கண்ணை ஒரு நூல் அளவுக்குத் திறந்து, காலைப் பார்த்தான். கால் கட்டத்தின் நடுவில் அழகாக இருந்தது.

"கண்ணு திறந்தாச்சு! ஆட்டம் போச்சு!" என்று கத்தியது மூக்கன்.

இப்போது பவளாயி. புடவையைத் தூக்கிச் சொருகினாள். ஒவ்வொரு கட்டத்திலும் யார் எந்த மூலையில் என்று ஒருமுறை பார்த்து மனசில் வைத்துக்கொண்டாள். கோட்டை மிதிக்கக்கூடாது, ஆளையும் மிதிக்கக்கூடாது. உள்ளங்கால் வியர்த்திருந்தது. ஒரு தடவை தவறி வைத்தால் ஒரு சிப்பாய்க்கு முகம் இருக்காது.

கண்ணை மூடினாள். தாவினாள். "சரியா?"

"சரி."

மாப்பிள்ளை வலது மூலையில். இடது பக்கம் தாவினாள். "சரியா?" "சரி."

மூன்றும் சரி. நான்காவதில் தாவும்போது இடி இடித்தது. உடம்பு திடுக்கென்றது. கால் இறங்கிய இடத்தில் குதிகாலுக்குக் கீழே ஏதோ மாவு மாதிரி நெறுநெறுத்தது. கோடா? தூசியா?

"சரியா?"

பதில் வரவில்லை. கண்ணைத் திறந்துவிடலாமா? திறந்தால் செண்டு போய்விடுவாள். ஒற்றைக் கால் வெடவெடவென்று ஆடியது.

"சரியா, மூக்கா?"

"...சரி" என்றது மூக்கன்.

ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவதில் போய் இரண்டு காலையும் ஊன்றிக் கண்ணைத் திறந்தாள். அதே நேரம் பொட்டென்று ஒரு துளி விழுந்தது. யானையின் வால் நுனி அழிந்தது.

"சரி, சரி, ஜெயித்தாய்" என்று சலித்துக்கொண்டான் கோட்டுமாயன். "என்ன பழம்? மாவா, பலாவா, வாழையா?"

"மாவும் வேண்டாம், பலாவும் வேண்டாம், வாழையும் வேண்டாம். நீங்க சின்ன வயசுல பாண்டியே ஆடலையா சாமி? ஜெயிச்ச கட்டத்துக்குப் பேருதான் பழம். பெருக்கல் குறி போட்டுட்டா அது என் வீடு, அதுல யாரும் கால் வைக்க முடியாது. எட்டு எடுத்துக்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

மந்திரவாதிகளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. போட்ட கோட்டை அழிக்கலாம், சொன்ன சொல்லை அழிக்க முடியாது. வெள்ளைக்கட்டி அவன் கையிலிருந்து தானே நழுவிப் பவளாயியின் கைக்கு வந்தது.

"வரிசையாத்தான் போடணும், தாயி, ஒண்ணுலேருந்து!" என்று கத்தியது மூக்கன். "போ, போ, மழை!"

ஓடினாள். முதல் கட்டத்தில் பெருக்கல் குறி. "சுத்திப் போட்ட கோடு, இனிமே இது என் வீடு!" யானை பிளிறிக்கொண்டு எழுந்தது. இரண்டாவதில் மாப்பிள்ளை எழுந்து, "முகூர்த்தம் போச்சா?" என்று அலறினான். மூன்று, நான்கு, ஐந்து என்று சிப்பாய்கள் எழுந்தார்கள். தேயாத கட்டி அவள் கையில் தேய ஆரம்பித்தது. விரல் அளவாச்சு, நகம் அளவாச்சு. துளிகள் அடர்ந்து விழுந்தன. ஏழாவது கட்டத்தில் நிமிர்ந்து பார்த்தாள். ஐயோ, எட்டாவது நனைந்துவிடுமே!

அங்கே மூக்கன் நின்றுகொண்டிருந்தது. நாலு காலையும் அகட்டி, வயிற்றைக் கூரையாக்கிக்கொண்டு, முதுகில் மழை தாரை தாரையாக ஊற்ற ஊற்ற, அசையாமல்.

பவளாயி கழுதையின் வயிற்றுக்கடியில் நுழைந்தாள். கையில் இருந்தது புளியங்கொட்டை அளவு. ஒரு கோடு இழுத்தாள். குறுக்கே இன்னொரு கோடு. பாதியிலேயே கட்டி தீர்ந்துபோனது. விரலில் ஒட்டியிருந்த மாவாலேயே மீதியை இழுத்து முடித்தாள்.

"சுத்திப் போட்ட கோடு, இனிமே இது என் வீடு!"

சூடான, முழு எடையுள்ள, ஒரு சடை குட்டையான பெண் அவள் மடியில் வந்து விழுந்தாள். பவளாயி அவளை இறுக்கிய இறுக்கில் மூச்சு முட்டிப்போனது.

கோட்டுமாயன் என்ன ஆனான் என்கிறீர்களா? கட்டி போனதும் மந்திரமும் போயிற்று. மழையில் எல்லாக் கோடும் கரைந்து பாறை முழுக்கப் பால் மாதிரி ஓடியது. எதை மிதிக்காமல் தாண்டுவது என்று தெரியாமல் தாவினான், வழுக்கினான், உட்கார்ந்த வாக்கிலேயே மலையிலிருந்து சறுக்கி நாட்டு எல்லையைத் தாண்டிப் போய்விட்டான். ராஜா பவளாயிக்கு ஒரு நல்ல ஓட்டு வீடு கட்டிக்கொடுத்தார். மூக்கனுக்கு ஆயுசுக்கும் கொள்ளும் வைக்கோலும்.

அதெல்லாம் அப்புறம். அன்றைக்கு மூன்று பேரும் சொட்டச் சொட்ட மலை இறங்கினார்கள். பாதி வழியில் செண்டு அம்மாவின் கையை இழுத்தாள்.

"அம்மா, நான் படத்துலேருந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். அந்தச் சாமி இடி இடிச்ச வானத்தையே பார்த்துக்கிட்டிருந்தப்போ, நாலாங் கட்டத்துல நீ கோட்டை மிதிச்சுட்டே. நல்லாவே மிதிச்சே."

பவளாயி நின்றாள். திரும்பி மூக்கனைப் பார்த்தாள். மூக்கன் வானத்தைப் பார்த்தது.

"சத்தம் போடாம வாடி" என்றாள் பவளாயி.

அவர்கள் தலை துவட்டப் போனார்கள், கேட்ட நாம் கண்ணை மூடப் போவோம். சரியா?

சரி.