சான்றிதழ் பெற்ற பாலம்

கொட்டாவிப்பட்டிக்காரர்களுக்கும் மூளை உண்டு. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் வைரமணியின் மகள் பொன்னரசிக்கு அக்கரையில் மாப்பிள்ளை அமைந்தது. இடையில் ஓடுவது முழங்கால் தண்ணீர் வாய்க்கால்தான். ஆனாலும், "பட்டு வேட்டி நனையாம இருக்க ஒரு பாலம் போடுங்க. இல்லேன்னா கல்யாணம் இல்ல" என்று சம்பந்தி கறாராகச் சொல்லிவிட்டார். முகூர்த்தத்துக்கு இருபது நாள். வைரமணி யோசனை கேட்டுக் கூட்டாளிகளிடம் ஓடினார்.

"இப்பல்லாம் சான்றிதழ் இருந்தாத்தான் வேலை நடக்குமாம்ணே" என்றான் அவர் கூட்டாளி குப்பாண்டி.

இன்னொரு கூட்டாளி சடையனையும் சேர்த்துக்கொண்டு மூவரும் டவுனுக்குப் போனார்கள். திட்ட மேலாண்மை வகுப்பில் பத்து நாள் உட்கார்ந்து, முத்திரை போட்ட சான்றிதழோடு திரும்பினார்கள்.

"வர்ற ஆபத்தை முதல்லயே எழுதி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொறுப்பாளரைப் போடணும்னு சார் சொன்னாரே" என்றார் வைரமணி. 'ஆள் தண்ணீரில் விழலாம்' என்று எழுதி, குப்பாண்டியிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். குப்பாண்டி கடமை தவறாதவன். தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்து விழுந்துவிட்டுப் போனான்.

"எந்தத் திட்டத்துக்கும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருக்கணும்னாரு" என்றான் சடையன்.

"நடுவைப் பத்தி?" என்றான் குப்பாண்டி.

நோட்டைப் புரட்டினார்கள். ஒரு வரி இல்லை.

"சொல்லாததைச் செஞ்சா சான்றிதழைப் பிடுங்கிடுவாங்கடா" என்று வைரமணி பயந்தார்.

இக்கரையில் தொடக்கமும் அக்கரையில் முடிவும் தேக்குப் பலகையில் கம்பீரமாக எழுந்தன. மிஞ்சிய பலகையில் சான்றிதழ்களுக்குச் சட்டம் அடித்து, இரு முனையிலும் மாட்டினார்கள்.

முகூர்த்த நாளன்று மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு அக்கரை முனையில் ஏறி, நாலு எட்டு வைத்து, நின்றுவிட்டார்கள்.

"நடுவுல பாலம் எங்கய்யா?" சம்பந்தி கத்தினார்.

"பாடத்துல இல்லீங்க சம்பந்தி!" வைரமணிக்கு அழுகையே வந்துவிட்டது.

"நல்ல நேரம் போகுதுப்பா" என்றாள் பொன்னரசி. கூறைப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். அக்கரை ஏறி, அந்த முனையிலேயே கழுத்தை நீட்டித் தாலி வாங்கிக்கொண்டாள். வைரமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டில் எழுதினார்: 'வேட்டி நனையவில்லை. திட்டம் வெற்றி.'

சம்பந்தி சட்டத்துக்குள் மினுங்கிய சான்றிதழையே வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வகுப்பு எங்க நடக்குது சம்பந்தி?"

அடுத்த மாதம் பொன்னரசியிடமிருந்து சேதி வந்தது. மாமனாரும் சான்றிதழ் வாங்கிவிட்டாராம். இப்போது கிணறு வெட்டுகிறாராம். மேல்வாயும் அடித்தரையும் முடிந்துவிட்டனவாம். நடு மட்டும்தான் பாக்கியாம்.